சடையன் பேர் ஒட்டிய டப்பா

வெயில் ஏறுவதற்குள் லோகநாயகி குப்பத்துக்கு வந்துவிடுவாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அந்தக் குப்பம். பல்கலைக்கழகம் நடத்திய காசநோய் ஆராய்ச்சியில் அவளுக்குத் தற்காலிக வேலை. முதல் நாள் சாயங்காலம் ஆளுக்கொரு சளி டப்பாவைப் பேர் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். மறுநாள் கண் விழித்ததும் நன்றாக இருமி, நெஞ்சுச் சளியை அதில் துப்பி வைக்க வேண்டும். காலையில் அவள் வாங்கி ஜீப்பில் செங்கல்பட்டுக்குப் பரிசோதனைக்கு அனுப்பும் டப்பாவில் கிருமி இருந்தால் மருந்து வரும். இல்லாவிட்டால் 'நோய் இல்லை' என்று சீட்டு வரும்.

திட்டம் போட்டவர்கள் எல்லாம் பெரிய படிப்பு படித்தவர்கள்தான். ஆனால் கட்டுமரக்காரன் விடிவதற்கு முன்பே கடலுக்கு ஓடுவான், டப்பாவில் துப்ப நிற்கமாட்டான் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. ஆண்களின் டப்பாக்கள் காலியாகவே வந்தன. மேலதிகாரி டாக்டர் கேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "டப்பா குறைஞ்சா ஆராய்ச்சியே குட்டிச்சுவர்மா. எப்படியாவது நிரப்பிக் கொண்டா. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அதற்கடுத்த வாரம் லோகநாயகி போனபோது, குப்பத்துப் பூவாயி தன் டப்பாவை நீட்டிவிட்டு, புருசன் சடையனின் டப்பாவைத் திறந்து, திரும்பி நின்று அதிலும் துப்பினாள்.

"அக்கா! அது உங்க வீட்டுக்காரர் பேர் போட்டதாச்சே?"

"அதுக்கு இன்னா கண்ணு? அவரு கடலுக்குப் பூட்டாரு. நீ இம்மாந் தொலைவு வந்து வெறுங்கையா போவியா? அவரு துப்பினா இன்னா, நான் துப்பினா இன்னா? ஒரே சட்டிச் சோறுதானே துன்றோம்!" பூவாயி மூடியை அழுத்திக் கொடுத்தாள். "பொழுதன்னிக்கும் லொக்கு லொக்குன்னு இருமிகினே கீறாரு. நல்லா பாக்கச் சொல்லு."

லோகநாயகிக்குக் கேசவன் சொன்னது நினைவுக்கு வந்தது. டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பூவாயியின் மனசு பெரிசு, அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. தெரிந்தே வாங்கினாளே லோகநாயகி, அவளைத்தான் சொல்ல வேண்டும். விஷயம் பரவி, மற்றப் பெண்களும் புருசன்மாருக்கும் சேர்த்தே துப்பி வைத்தார்கள். ஒரு டப்பாகூடக் குறையவில்லை. கேசவன் லோகநாயகியின் முதுகில் தட்டாத குறைதான்.

சடையனுக்கு 'நோய் இல்லை' என்று சீட்டு வந்தது. லோகநாயகியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் மறுபடி போனபோது, வாசலில் சடையனின் வலை சுருட்டியபடி கிடந்தது. உள்ளே பூவாயி மட்டும் இருந்தாள்.

"ரத்தமா கக்கினாரு. ஆசுபத்திரிக்கு வாய்யான்னு கூப்பிட்டேன். அந்தப் பொண்ணுதான் ஒண்ணும் இல்லன்னு சீட்டு குடுத்துச்சே, வெறும் பனிக் காத்துடின்னாரு. அந்த தைரியத்துலயே போய்ச் சேர்ந்துட்டாரு." பூவாயி அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். "நீ இன்னா பண்ணுவ கண்ணு, குடி." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

லோகநாயகிக்கு அழுகை வரவில்லை. தண்ணீரைக் குடித்தாள். புது டப்பாவில் பூவாயியின் பேரை ஒட்டிக் கொடுத்தாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டில் போட்ட சோற்றைத் தின்றாள். அதில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

மறுவாரம் செங்கல்பட்டில் கூட்டம். கேசவன் முடிவுகளைப் பெருமையாக வாசித்தார். மீனவ ஆண்களுக்குக் காசநோய் வெகு அபூர்வம், உப்புக் காற்று காப்பாற்றுகிறது போலும், ஆகவே மருந்து வண்டி குப்பங்களுக்குப் போகத் தேவையில்லை. கேட்டவர்கள் கை தட்டினார்கள்.

கடைசி வரிசையில் லோகநாயகி எழுந்து நின்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"உப்புக் காத்து இல்ல சார். அது பொம்பளைங்க எச்சில்."

கை தட்டல் நின்றது.

"ஆம்பளைங்க கடலுக்குப் போயிட்டாங்க. பொஞ்சாதிங்க துப்பிக் குடுத்தாங்க. நான் பார்த்துக்கிட்டேதான் வாங்கினேன். நிரம்பினா போதும்னு நீங்களும் நினைச்சீங்க, நானும் நினைச்சேன்."

"லோகநாயகி, உட்காரு. அப்புறம் பேசலாம்."

"சடையன் செத்துட்டாரு சார். காலி டப்பாவைக் காலின்னு சொல்லியிருந்தா, இன்னொரு தரம் போய் அவரைப் பார்த்திருப்போம். கணக்கு நிறையணும்னு நாம சொல்ற பொய் காகிதத்தோட நிக்காது. யாரோ ஒருத்தர் அதை நம்பி மருந்து சாப்பிடாம சாவாங்க. வேலையை ஒழுங்கா செய்யாததும் கொலைதான் சார். கத்தி மட்டும்தான் இல்ல."

கேசவன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் கட்டுமரம் கரையேறும்" என்றாள் லோகநாயகி. "அந்த நேரத்துக்கு எனக்கு ஜீப் வேணும். ஆம்பளைங்க துப்பினதை அவங்க கையாலயே வாங்கணும். பூவாயி இருமுறாங்க."