மருந்து என்று எழுதாத மாத்திரை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வானொலி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே வைத்துவிட்டார்கள். மலக் குப்பிகளைத் திறக்கும்போதும், அவற்றில் எண் ஒட்டும்போதும், உறைபெட்டியில் அடுக்கும்போதும் வாய் ஓயாது. அந்த நாற்றத்தை மறக்க ஆளுக்கொரு வழி வேண்டும், அவளுக்குப் பேச்சு. இப்போது அந்தப் பேச்சையே அவள் மேல் குற்றமாகச் சாட்டியிருந்தார்கள்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு" என்று இயக்குநர் ஒரு கடிதத்தை நகர்த்தினார்.

நோய்நொடி இல்லாதவர்களின் குடலில் என்னென்ன பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று பார்க்கும் ஆய்வு அது. அறுபது பேரிடம் மலம் வாங்கியிருந்தார்கள். அதில் பத்தொன்பது பேருடையதில், வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் கூட்டம் கூட்டமாகத் தென்பட்டன. இயக்குநர் அதிகம் யோசிக்கவில்லை. குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வானொலி பேசினாள், எச்சில் தெறித்தது, அவ்வளவுதான். இனி அறுபதையுமே நம்ப முடியாது, நான்கு மணிக்குக் கழிவு வண்டி வந்து எல்லாவற்றையும் எரிக்கக் கொண்டுபோகும், அவளும் வீட்டுக்குப் போகலாம்.

"முகக்கவசம் போட்டுக்கிட்டுத்தான் சார் பேசுவேன்."

"அதுக்குள்ள இருந்தே நீ ரெண்டு தெருவுக்குக் கேக்குற."

"கேக்கும் சார். தெறிக்காது."

"வாதாடாத. நாலு மணிக்குள்ள கையெழுத்து வேணும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. பதினோரு வருடம் ஊரார் மலத்தை முகம் சுளிக்காமல் வாங்கி வைத்தவளுக்கு, துப்பினாள் என்று பட்டம்! வேலை போனால் போகட்டும், இந்தப் பெயரோடு போக மாட்டேன் என்று அவள் மனம் ஒரே பிடியாக நின்றது.

கெட்டுப்போனதாகச் சொன்ன பத்தொன்பது எண்களையும் பட்டியலில் தேடினாள். ஏழாம் எண்ணில் விரல் நின்றது. அது அவளுடைய மாமியார். ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். மற்றவர்களுக்குப் போலவே, கேள்வி கேட்டுப் படிவத்தைப் பூர்த்தி செய்ததும் அவளேதான். மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே அவள் கையெழுத்தில் "இல்லை" என்று இருந்தது.

ஆனால் தினமும் காலையில் அத்தை ஒரு மாத்திரை போடுவார். தண்ணீர் எடுத்துக் கொடுப்பதே அவள்தான்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். "அத்தை, மருந்து எதுவும் சாப்பிடலன்னு அன்னிக்குச் சொன்னீங்களே?"

"சாப்பிடலதான். எனக்கு என்ன கேடு?"

"காலையில வெறும் வயித்துல போடுறது என்ன?"

"அடியே, அது நெஞ்செரிச்சலுக்கு! ஆறு வருஷமா போடுறேன், அது ஒரு மருந்தா? நீதான் பக்கத்துல நின்னு பாக்குறியே, உனக்கே அது மருந்தாத் தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. "சரி, இப்பவே நிறுத்திடாதீங்க. டாக்டரைக் கேட்டுக்கலாம்" என்று வைத்தாள்.

நாம் விழுங்கும் எச்சிலோடு வாய்ப் பாக்டீரியாக்கள் நாள் முழுக்க உள்ளே போகின்றன. வயிற்று அமிலம் வாசல் காவல்காரன்போல அவற்றில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துக்கட்டிவிடும். நெஞ்செரிச்சல் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. காவல் தளர்ந்ததும் தப்பிப் பிழைத்தவை கீழே இறங்கிக் குடலில் குடியேறிவிடுகின்றன. பாடமாகப் படித்த விஷயம்தான், வீட்டுச் சமையலறையில் நடந்தபோது மண்டையில் ஏறவில்லை.

மணி பன்னிரண்டு. போனை எடுத்து, மலம் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மருந்து என்ற சொல்லையே இந்த முறை பேச்சில் எடுக்கவில்லை. "காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன முழுங்குவீங்க?" என்று கேட்டாள். ஒரு பள்ளி ஆசிரியை, "நெஞ்செரிச்சலுக்கு அந்த கேஸ் மாத்திரைதான், அதெல்லாம் சும்மா" என்றார். ஒரு ஓட்டுநர் முதுகுவலி மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடும் கேஸ் மாத்திரையையும் சொன்னார். ஒரு பெரியவர், மலச்சிக்கலுக்கு என்ன போடுகிறார் என்பதைக் கால் மணி நேரம் விவரித்தார். யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. மருந்து என்பது நோயாளிகளுக்கு என்று நினைத்திருந்தார்கள், அவளைப் போலவே.

கெட்டவை என்ற பத்தொன்பதில் பதினாறு பேர் தினமும் நெஞ்செரிச்சல் மாத்திரை போடுகிறவர்கள். மீதி மூன்றுக்குக் காரணம் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினாள். ஒழுங்காக இருந்தவர்களில் இருபது பேரைக் கூப்பிட்டதில் ஒரே ஒருவர்தான் அதைப் போடுகிறவர். தொண்டை கட்டிப் பாதிக் குரல்தான் மிச்சம் இருந்தது.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலை இயக்குநர் முன் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். முகம் மாறியது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"அப்போ படிவம் நிரப்புனதுதான் தப்பு. அதுவும் உன் வேலைதானே? எப்படிப் பாத்தாலும் நீதான். பேசாம கையெழுத்தைப் போட்டுட்டுப் போ."

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது.

கடிதத்தில் "எச்சில்" என்று வந்த வரிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கோடு போட்டு அடித்தாள். கீழே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான், குப்பிகளில் எந்தக் குறையும் இல்லை என்று இருந்தது.

"என் தப்பை நான் ஒத்துக்கிட்டேன் சார். இதுக்காக வேலையை விட்டு அனுப்புங்க, போறேன்" என்றாள், மிச்சமிருந்த குரலில். "ஆனா அந்த அறுபதையும் எரிக்கணும்னா நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும். என்ன காரணம்னு எழுதுங்க."

ஹாரன் மறுபடியும் அடித்தது. இயக்குநர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.