பேரிங் மாற்றிய மறுநாள்

காசிலிங்கத்தின் அம்பாசிடரில் அந்த ஊளைச் சத்தம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எழுபத்தி மூணாம் வருஷத்து மழைக்குப் பிறகு என்பார் அவர். அதற்கும் முன்னாலேயே என்பாள் மனைவி சரஸ்வதி. மரக்காணத்தில் பெரிய உப்பளம் அவருக்கு. காரை அவரேதான் ஓட்டுவார். அதனால் காரைப் பற்றிய கருத்தும் அவருடையதாகவே இருந்தது. முதலில் டயர் தேய்மானம் என்றார். நாலு டயரும் மாற்றியாயிற்று. பிறகு கியர்பாக்ஸ் என்றார். ஆயில் மாற்றியாயிற்று. சத்தம் கூடியதே தவிர குறையவில்லை. "பழைய வண்டின்னா கொஞ்சம் பேசத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டார்.

அப்படியே விட்டும் இருப்பார். ஆனால் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கார் தெருமுனையில் திரும்பியதுமே நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இனிமே நான் பஸ்ஸுலயே வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள் சரஸ்வதி. மறுநாளே காரைக் கூனிமேட்டுக்கு, மஸ்தான் பாயின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார்.

மஸ்தான் பாய் பானெட்டைத் திறக்கவேயில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க முதலாளி" என்றார். வேகம் பிடித்ததும், "லேசா வலப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடிங்க." சத்தம் ஏறியது. "இப்ப இடப்பக்கம்." அடங்கியது.

"கியர்பாக்ஸ்தானே பாய்?"

"நியூட்ரல்ல போடுங்க."

போட்டார். கார் உருண்டது, ஊளையும் கூடவே வந்தது.

"கியர்பாக்ஸ் மேல பழி போடாதீங்க, பாவம். வலப்பக்கம் திரும்பினா வெயிட்டு பூரா இடது சக்கரத்துல விழும். அப்பதான் கத்துது. முன்பக்கம் இடது பேரிங் போயிடுச்சு."

திரும்பி வந்து ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது டக் டக்கென்றது. சுற்றிவிட்டபோது மாவோடு மணலும் அரைபடுவது போல இருந்தது. ஹப்பைக் கழற்றினால் உள்ளே கிரீஸே இல்லை. செங்காவி நிறத்தில் ஒரு சேறு.

"தினமும் உப்புத் தண்ணியில இறக்குறீங்களா?"

"உப்புக் களத்துக்குப் போற வழியில ஒரு வாய்க்கால் இருக்குது."

"இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தீங்கன்னா சக்கரம் உங்களுக்கு முன்னாடி வீடு போய்ச் சேர்ந்திருக்கும்."

பாண்டிச்சேரியிலிருந்து புது பேரிங் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. பழையதைத் தட்டி எடுத்து, ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவி, புதியதைச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார் பாய். உள்ளங்கையில் கிரீஸை வைத்து இடுக்குகளில் எல்லாம் அழுத்தித் திணித்தார். நட்டை முறுக்கி, ஸ்ப்ளிட் பின் போட்டு, ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வீடு திரும்பும்போது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் காருக்குள் உட்கார்ந்து கடல் இரைச்சலைக் கேட்டார் காசிலிங்கம்.

மறுநாள் காலை வழக்கம்போல பத்து மணிக்குக் களத்துக்குக் கிளம்பினார். அந்த நேரத்தைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. அவர் வந்து பார்க்காமல் ஒருவரும் கரையேறக் கூடாது என்பது சட்டம். எப்போது போய் இறங்கினாலும் ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். மேஸ்திரி சடையப்பன் கையில்கூட உப்பு வாரும் பலகை இருக்கும். "நம்ம களத்துல மட்டும் எப்படின்னு கேக்கிறானுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று கார் வாய்க்காலைத் தாண்டிக் கரைமேல் வந்து நின்றது. யாரும் திரும்பவில்லை. ஓலைக்கொட்டகை நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், உப்பு வாருகிற மங்கம்மா. தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டு, வயிற்றை முன்னே தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

"உப்பு வெள்ளையா இருந்தா போதாது. வார்றவன் மனசும் வெள்ளையா இருக்கணும். என்னா சடையப்பா?"

"ஆமாங்க முதலாளி" என்றான் நிஜமான சடையப்பன். கொட்டகையே சிரித்தது.

காசிலிங்கம் தினமும் சொல்வது அது. இவ்வளவு நன்றாக அவரே ஒருநாளும் சொன்னதில்லை.

சடையப்பன்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் அவன் துள்ளி எழுந்த வேகத்தில் கூட்டமே எழுந்தது. திட்டுவதற்காக வாயைத் திறந்த காசிலிங்கத்தின் கண், கரையோரம் குவிந்திருந்த உப்பின் மேல் விழுந்தது. நேற்றைவிட உயரம். பாத்திகள் துடைத்தது போல இருந்தன.

"எப்படா முடிச்சீங்க?"

"ஏழு மணிக்கே முடிஞ்சிடுச்சுங்க. விடியறதுக்குள்ள இறங்கிடுவோம்."

"அப்ப நான் வர்றப்பல்லாம் என்னாத்த வாரிக்கிட்டு இருந்தீங்க?"

சடையப்பன் காரைப் பார்த்தான். "வாய்க்காலுக்கு அந்தாண்ட வர்றப்பவே வண்டி கேக்குங்க..."

மீதியை மங்கம்மா சொன்னாள். துண்டு இன்னும் அவள் தோளில்தான் கிடந்தது. "இம்மாந்தூரம் வெயில்ல வர்றீங்க. நாங்க சும்மா குந்திக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? அதான், வாருன பாத்தியவே வாருவோங்க."

காசிலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழிலிருந்து பத்து வரை, வருஷக்கணக்காக, இத்தனை பேரும் அவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். வயிற்றை லேசாக உள்ளிழுத்தபடி காருக்கு நடந்தார்.

மறுநாள் முதல் நேரத்தை ஏழரைக்கு மாற்றிவிட்டார். வெயிலுக்கு முன்னால் வந்தால் உடம்புக்கு நல்லது என்று சரஸ்வதியிடம் காரணம் சொன்னார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே காரை நிறுத்தி, நீளமாக இரண்டு முறை ஹாரன் அடிப்பார். பிறகு, அவர்கள் எழுந்து பலகையைத் தேடி எடுக்கும் வரை, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.