எனக்குப் பதிலா அவர்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கப்பல் சமையல்காரருக்குச் சபையில் தனி மவுசு. கடற்கொள்ளையரிடம் சிக்கி மீண்டவர் ஆயிற்றே! இயேசு தம்மையே மீட்கும்பொருளாகக் கொடுத்தார் என்று போதகர் பிரசங்கித்து முடித்ததும் இவரைத்தான் மேடைக்கு அழைப்பார். இவரும் நான்கு வருடமாக ஒரே சாட்சியை வரி பிசகாமல் சொல்லிவருகிறார்.

"கடைசியில நானும் இன்ஜினியர் சாரும்தான் மிச்சம். பாதிப் பணம்தான் வந்திருக்காம், ஒருத்தரத்தான் விடுவாங்களாம்னு சார் சொன்னாரு. அவங்க பேச்சு எனக்குப் புரியாது, அவருக்குக் கொஞ்சம் தெரியும். நான் ஏணிகிட்ட நிக்கிறேன். அவரு தூரத்துல என்னைக் கைகாட்டி, அழுது, தலைவன்கிட்ட கெஞ்சினாரு. உடனே என்னைப் படகுல ஏத்திட்டாங்க. எனக்குப் பதிலா அவரு ரெண்டு மாசம் அங்க கிடந்தாரு!"

சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சமையல்காரருக்கு மட்டும் ஓர் உறுத்தல். கம்பெனி பணம் கொடுத்தது கொள்ளையருக்கு. இயேசு என்ற மீட்கும்பொருளைக் கடவுள் யாருக்குக் கொடுத்தார்? பிசாசுக்கா? அந்தப் பயலுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? போதகரிடமே கேட்டுப் பார்த்தார். "ரொம்ப நோண்டாதீங்க, விசுவாசிங்க" என்று சொல்லிவிட்டுப் போதகர் நழுவிவிட்டார்.

இந்த ஞாயிறன்று, முதல் ஆராதனை முடிந்து குடையை எடுக்கப் போனால், வாசலில் இன்ஜினியர் நிற்கிறார். பாதி ஆளாக இளைத்திருந்தார். சமையல்காரர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

"சார்! எத்தனை லெட்டர் போட்டேன்!"

"எல்லாம் வந்துச்சுண்ணே. அதனாலதான் பதில் போடல." இன்ஜினியர் மெல்ல விலகிக்கொண்டார். "உள்ள உக்காந்து நீங்க சொன்னதக் கேட்டேன். அது அப்படி இல்ல. உங்களை வெச்சுக்கிட்டு என்னை விடுங்கன்னுதான் கெஞ்சினேன். ஜெனரேட்டரப் பாக்க ஆள் வேணும்னு என்னை நிறுத்திட்டானுங்க."

கோபம் வரும் என்று சமையல்காரர் பார்த்தார், வரவில்லை. நன்றியாவது போகும் என்று பார்த்தார், அதுவும் போகவில்லை. மனசில்லாமல் என்றாலும் அங்கே கிடந்தது இவர்தானே? இல்லை, ஓர் ஓட்டை ஜெனரேட்டருக்கா இத்தனை வருடம் நன்றி சொன்னோம்?

"ரெண்டாவது ஆராதனைல நான் என்ன சார் சொல்லட்டும்?"

"உண்மையச் சொல்லுங்கண்ணே. அதுக்குத்தான் வந்தேன்."

போதகர் அழைத்தார். கடைசி பெஞ்சில் இன்ஜினியர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். மைக் முன்னால் நாலு வருடப் பாடம் தன்பாட்டுக்கு வந்தது. கைகாட்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"அவர வெச்சுக்கோங்க, என்னை விடுங்கன்னு அவரு என்னைக் காட்டிக் கெஞ்சினாரு. இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார் சமையல்காரர். சபை அதிர்ந்தது. "ஆனா அந்த நேரம் ஏணிகிட்ட நின்னுக்கிட்டு நானும் அதையேதான் ஜெபம் பண்ணேன். அவர வெச்சுக்கட்டும், என்னை விடட்டும்னு. என் ஜெபம்தான் கேக்கப்பட்டுச்சு."

இன்ஜினியர் தலையை நிமிர்த்தினார். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் போதகர் விழித்துக்கொண்டிருந்தார்.