வெறும் காடு

பாயசக் கிண்ணங்களை எடுக்க மேகலா கூடத்துக்குள் நுழைந்தபோது ருக்கு மாமி கதையின் நடுவில் இருந்தாள். டெல்லி ஹனுமான் ரோட்டிலிருந்த அந்த வீட்டுக்கு அன்று நூறு வயது. உறவுக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள்.

"அப்போ இங்க வெறும் காடு. நரி ஊளையிடுமாம். ஆபீஸ் துரை இவரோட தாத்தாவைக் கூப்பிட்டு, 'உனக்கு எவ்வளவு வேணும்'னு கேட்டு அளந்து குடுத்தார்."

துரை தாராளப் பிரபுதான். அடுத்தவன் நிலமென்றால் யாருக்குத்தான் கை தாராளமாக வராது?

மேகலாவின் நினைப்பெல்லாம் கொல்லைப்பக்கத்து சர்வென்ட் குவார்ட்டரில் இருந்தது. உடைந்த சோபா மட்டும் குடியிருக்கும் அறை. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை புல்டோசர் தரைமட்டமாக்கியதிலிருந்து அவளும் புருஷன் ஜெயபாலும் மேம்பாலத்தடியில் கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஊர்க்கோடி நரேலாவில் அரசாங்க ஃபிளாட் கிடைத்தது, இவர்களுக்கு இல்லை. ஏனென்று கேட்டால் ஒருத்தனும் வாயைத் திறப்பதில்லை. இன்று அந்த அறையைக் கேட்டுவிட வேண்டும். மாமி நல்ல மூடில் இருக்கிறாள், இதுதான் சமயம் என்று நினைத்துவிட்டாள் பாவி மகள்.

"எங்க மாமனாரு வந்தப்பவும் காடுதான் மாமி. நாலாப்பக்கமும் முள்ளு. சாக்கடையோரம் மண்ணு கொட்டி மேடாக்கித்தான் குடிசை போட்டாரு."

ஒரே கதை ரெண்டு வீட்டுக்கும் பொருந்துகிறதே என்ற சந்தோஷத்தில் சொன்னதுதான். யாரோ சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

விருந்தாளிகள் கிளம்பியதும் கேட்டாள். "மாமி, பின்னாடி ரூமு சும்மாதானே கெடக்குது. ஒரு எடம் கெடைக்கிற வரைக்கும் நாங்க..."

"அச்சா! அதுக்குத்தான் மாமனார் கதையா? இன்னிக்கு ரூம் குடுத்தா, நாளைக்கு இதுவும் காடா இருந்ததும்பே." மாமியின் குரல் உயரவே இல்லை, அதுதான் சுட்டது. "நாளைக்கு வரச்சே போகல் மார்க்கெட்ல நல்ல தாலாவா ஒண்ணு வாங்கிண்டு வா. அந்த ரூமைப் பூட்டி வைக்கணும்."

மாமி கையில் திணித்த நோட்டை அவள் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருக்கலாம். இந்த வேலையும் போய்விட்டால்? முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

போகலில் இருப்பதிலேயே கெட்டியான பூட்டாகப் பார்த்து வாங்கினாள்.

மேம்பாலத்தடியில் ஜெயபால் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். "பெட்டிய உட்டுட்டு ஒண்ணுக்குக்கூடப் போவ முடில. எவ்ளோ நேரம்டி?"

"எந்திரி." அவனை நகர்த்திவிட்டு, பெட்டியின் கொண்டியில் பூட்டை மாட்டிச் சாவியைத் திருகினாள்.

"நமக்கா வாங்கின?"

"காலைல வரைக்கும் நம்புளுதுதான். போ, போய்ட்டு வா."

அவன் போனதும் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.