எதிர்வெயில்

சனிக்கிழமை பட்டாணியின் இருக்கையை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுவது என்று அத்தான் முடிவு செய்துவிட்டார்.

பட்டாணி என் அக்காவின் மகள். ஒன்றேகால் வயது. காரின் பின்சீட்டில் அவளுக்கென்று தனி இருக்கை கட்டியிருக்கிறது. அதில் அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, முன்னால் இருப்பவர்களுக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னும் ஒரு வருஷமாவது இப்படியே இருக்கட்டும்னுதானே டாக்டர் சொன்னாரு?" என்றாள் அக்கா. "கழுத்து இன்னும் பிஞ்சு. திருப்பி வச்சு சடன் பிரேக் போட்டா தலை முன்னாடி வெட்டி இழுக்கும். இப்படி இருந்தா தலை, முதுகு எல்லாத்தையும் இருக்கை தாங்கிக்கும்."

"டாக்டரா என் வண்டில தினம் வர்றாரு? யார் முகமும் தெரியலன்னு அவ கத்துற கத்து எனக்குத்தானே தெரியும். என் கை ஸ்டியரிங்ல, உயிர் பின்சீட்ல. இப்படியே போனா நானே எதுலயாவது கொண்டுபோய் மோதிடுவேன்."

அக்காவுக்கு வேலை வேறு திசையில். குழந்தைகள் காப்பகத்தில் பட்டாணியை விடுவதும் கூட்டிவருவதும் அத்தான்தான். அழுகையைக் கேட்காதவள் எப்படி வாதாடுவாள்?

கேட்டவள் நான். மாலையில் பட்டாணியை ஏற்றிக்கொண்டு வரும் வழியில், அத்தான் என்னை மாலை வகுப்பில் இறக்கிவிடுவார். அழுகை ஆரம்பித்ததும் நான் முன்சீட்டிலிருந்து பாட்டுப் பாடுவேன்.

"நீயும் சேர்ந்தா கச்சேரி ஆயிடும். விட்டுடும்மா" என்பார் அத்தான்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை மழை. அன்று அவள் அழவே இல்லை. அன்றும் எங்களுக்கு முதுகுதான் காட்டிக்கொண்டிருந்தாள். மழையை வேடிக்கை பார்த்திருப்பாள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நான் கண்டுபிடிப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும் என்பதால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, காப்பக வாசலில் பின்கதவைத் திறந்து பட்டாணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னை டிரைவராவே ஆக்கிட்டியா?"

"இன்னைக்கு மட்டும் அத்தான். அவ எதைப் பார்க்கறான்னு பார்க்கணும்."

"ஆராய்ச்சியா? முதல்ல பெல்ட்டைப் போடு."

சொல்லிவிட்டு, பட்டாணியின் வாரை இழுத்து இறுக்கி, தோளருகே இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளினால் வார் மடிப்பாக வரக் கூடாது. இதில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்னல் வரைக்கும் பட்டாணி தன் சாக்ஸைக் கழற்றும் வேலையில் மும்முரமாக இருந்தாள். சிக்னல் தாண்டித் திரும்பியதும் எதிர்வெயில். அத்தான் கண்ணுக்கு நேரே மறைப்பை இறக்கிக்கொண்டார். பட்டாணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

பெல்ட் விட்ட அளவுக்கு உடம்பைத் திருகி, என் கன்னத்தை அவள் இருக்கையின் ஓரத்தில் வைத்து, அவள் பார்க்கும் பக்கம் பார்த்தேன். கண் கூசி நீர் வந்துவிட்டது.

அவள் முகத்துக்கு நேர் எதிரே, பின்சீட்டின் தலைசாய்ப்பில், ஒரு வட்டக் கண்ணாடி. ஓட்டுகிறவருக்கு அவள் முகம் தெரியட்டும் என்று அவளுடைய பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கட்டியது. முன்னால் நுழைந்த வெயில் அதில் பட்டு அப்படியே அவள் கண்ணில் அடித்தது. காலையில் கிழக்கே போகிறோம், மாலையில் மேற்கே வருகிறோம். இரண்டு வேளையும் எதிர்வெயில்.

துப்பட்டாவைக் கண்ணாடிமேல் போட்டேன். அழுகை விசும்பலாகி, அடங்கியது. தற்செயலாகவும் இருக்கலாமே? துப்பட்டாவை எடுத்தேன். மறுபடி வீறிட்டாள். பாவம், உடனே மூடிவிட்டேன்.

"அங்க என்னதான் பண்ற? சுவிட்ச் போட்டு அணைக்கிற மாதிரி இருக்கு!"

"அத்தான், அவ யாரையும் பார்க்க முடியாம அழல. நீங்க அவளைப் பார்க்கறதுக்கு வச்ச கண்ணாடி கண்ணைக் குத்துது. வாங்கிட்டு வந்த புண்ணியவதி நான்தான்."

"அது இல்லன்னா எப்படி? புரையேறினாகூட எனக்குத் தெரியாதே" என்றார் அத்தான். குரல் இறங்கியிருந்தது.

அவர் இத்தனை நாளும் பயந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சந்தேகமா இருந்தா ஓரமா நிறுத்திப் பாருங்க. நீங்க அவளையே பார்த்துட்டிருந்தா ரோட்டை யார் பார்க்கறது?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அத்தான் காரருகே போனார். அக்காவும் நானும் வாசலில் நின்றோம். பின்கதவுக்குள் தலையை விட்டவர், வெளியே வந்தபோது கையில் வட்டக் கண்ணாடி மட்டும் இருந்தது.

"இருக்கை?" என்றாள் அக்கா.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். இதை நான் சவரம் பண்ண வச்சுக்கறேன்."

சாயங்காலம் சோதித்துப் பார்க்க அதே சாலையில் ஒரு சுற்று. நான் முன்சீட்டில். சிக்னல் தாண்டித் திரும்பினோம். நல்ல வெயில். பின்னால் சத்தமே இல்லை.

"என்ன இது, மூச்சுப் பேச்சே காணோம்?"

"நேத்து வரைக்கும் கத்துறா கத்துறான்னீங்க!"

அவர் வேகத்தைக் குறைத்தார். கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. "பட்டாணி! அப்பா கூப்பிடறேன்ல?"

இருக்கையின் உயரமான முதுகுக்கு மேலாக ஒரு சாக்ஸ் பறந்து வந்து கியரின் பக்கத்தில் விழுந்தது.

"இருக்கா" என்றார் அத்தான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.