ஒப்பிட்டுப் பார்க்க ஒருத்தி

பரிசோதனை லியாகத் அலிக்குத்தான். சார்ஜாவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்து பேராவூரணியில் பாத்திரக்கடை வைத்தவர், பழகிய ஆட்களின் பெயருக்கே ஆறு மாதமாகத் தடுமாறினார். ஆரம்பக் கட்ட மறதி நோய் என்று சொன்ன தஞ்சாவூர் டாக்டர், மூளையில் ஓடும் மின்சாரத்தை அளந்து ஞாபகத்தை ஆராய்கிறவர்களிடம் அனுப்பிவைத்தார்.

மனைவி கமருன்னிஸா துணைக்குப் போனாள். அவருக்கு முடிந்ததும் ஆராய்ச்சி செய்யும் பிரகதீஸ்வரி கேட்டாள்: "அம்மா, ஒப்பிட்டுப் பார்க்க அதே வயசுல நல்லா இருக்கிறவங்க வேணும். நீங்க உக்கார்றீங்களா?"

"எனக்கென்ன, உக்கார்றேன்."

கடைச் சாவி, மாத்திரை வேளை, தோஹாவில் இருக்கும் மகன் பாசித்தின் ஷிப்ட் நேரம் எல்லாம் அவள் பொறுப்புதான்.

முக்காட்டை இறக்கி, தலையில் பசை தடவி, ஒயர் தொங்கும் தொப்பியை மாட்டினார்கள். திரையில் முறம், குடை, ஏணி என்று படங்கள் வந்தன. முன்பே பார்த்தது மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பித்தளைத் தவலை ஒன்று வந்தது. பார்த்தோமா? யோசிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. அதன்பின் எல்லாமே பார்த்தது போலவும் இருந்தது, பாராதது போலவும் இருந்தது. பிறகு பத்து வார்த்தை சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். மூன்றுதான் வந்தது.

"மெஷின் போடுற கோடுகளை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்றாள் பிரகதீஸ்வரி. "ஆனா ஞாபகக் கேள்வியில குறையுது. வர்ற செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பாத்துடுங்க."

அவள் எழுதிக்கொடுத்த சீட்டைக் கமருன்னிஸா வீட்டுக்கு வந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் செருகினாள். போவதாக இல்லை.

பாசித் போனில் கேட்டான்: "அத்தாவுக்கு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்காங்க. நான் பாத்துக்குறேன்."

திங்கட்கிழமை லியாகத் அலி அடுப்படிக்கு வந்தார். "நாளைக்குத் தஞ்சாவூர் போகணும்."

"உங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே."

"உனக்கு. அன்னைக்கு நீ இருந்த இடத்துத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் கையில் தினக் காலண்டரில் கிழித்த தாள்கள். மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் 'கமரு, செவ்வாய்' என்று எழுதியிருந்தார்.

"பாசித்துக்கும் சொல்லிட்டேன். லீவு கேட்டிருக்கான்."

"அவன்கிட்ட ஏங்க சொன்னீங்க? வேலைக்கு ஆபத்து வந்தா?" என்று கத்தினாள். கத்தியபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "நானும் இப்படி ஆயிட்டா உங்களை யாரு பாப்பா?"

அவர் தாள்களை அடுக்கி மடித்தார்.

"முத பஸ் எத்தனை மணிக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியலைங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்துக் கடையில் கேட்டுவரப் போனார்.