குளத்தைக் கடந்த கிட்டங்கி

1956 ஆனியில், சாரல் பிடித்த வாரம், இலஞ்சிக்குப் பக்கத்துக் குளத்தின் நடுத்திட்டில் இருந்த, மிளகு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி தண்ணீரில் இறங்கிக் கரைக்கு வந்து சேர்ந்தது. ஓடு ஒன்றுகூட நழுவவில்லை. அந்த வாரம் மிளகு விலையும் இறங்கியிருந்தது. ஊரார் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

கள்ளனும் எலியும் நீந்தமாட்டார்கள் என்று நம்பி எவனோ ஒரு வெள்ளைக்காரத் துரை திட்டில் கட்டியது அது. எலிகள் மறுமாதமே நீந்தி வந்துவிட்டன. வாசலிலிருந்து தண்ணீர்வரை, படகை ஏற்றி இறக்கக் கல் பாவிய சரிவு உண்டு. சாரல் தொடங்கியதும் அதற்குப் புன்னை எண்ணெய் தேய்ப்பது வழக்கம். அதிலேயே குடியிருந்த காவல்காரன் மூசா வழக்கத்தில் குறை வைக்கிற ஆளில்லை. வாசற்படிக்கும் சுவரடிக்கும் சேர்த்தே தேய்ப்பான்.

அவன் மனைவி மெஹர் பானு இரண்டு வருஷமாகத் தென்காசியில், தாய்வீட்டில் இருந்தாள். அவள் திட்டில் இருந்தபோது பார்க்க வந்த அவள் தம்பி, படகு கவிழ்ந்து அந்தக் குளத்திலேயே போய்விட்டான். "இனிச் செத்தாலும் படகுல ஏற மாட்டேன்" என்று கரையேறியவள் திரும்பவில்லை. மூசா வாரந்தோறும் போய்க் கூப்பிட்டான். சோறு போட்டாள், வரவில்லை. அவன் துரும்பாய் இளைத்துப்போனான்.

அன்று அவளே குடையோடு கரையில் நிற்கக் கண்டதும் மூசாவுக்குக் கை கால் ஓடவில்லை. கிட்டங்கி வளையத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க மறந்து படகைத் தள்ளினான். துடுப்பு கனத்தது. மனசுப் பாரம்தான் என்று நினைத்துக்கொண்டான். பாதிக் குளத்தில் திரும்பிப் பார்த்தால், பசுவின் பின்னால் கன்று வருவதுபோலக் கிட்டங்கி வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கதவைத் தொறந்து போட்டுட்டா வந்திய?" என்றாள் மெஹர் பானு. உள்ளே போய்ப் பெருக்கி, அடுப்பைப் பற்றவைத்தாள்.

சேதி கேட்டுக் கிட்டங்கி முதலாளியின் காரியஸ்தர் சங்கிலிப்பாண்டி வந்தார். "ஏ மூசா, கிட்டங்கி திட்டுல இருக்கணும்னுதான் மொதலாளி ஒனக்குச் சம்பளம் குடுக்காரு. கொண்டுபோய் அங்கனயே சேத்துரு. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கிடுதோம்."

மூசா படகில் ஏறிக் கயிற்றை இறுக்கினான். "நீ எறங்கிக்கோ பானு" என்றான்.

அவள் மாவு பிசைந்த கையை எடுக்கவில்லை. "படகுலதான் ஏற மாட்டேன்னு சொன்னேன். இது வீடுல்லா. நீங்க துடுப்பைப் போடுங்க."

அவன் திரும்பிப் பாராமல் அழுதுகொண்டே துடுப்புப் போட்டான். சரிவில் ஏறும்போது மட்டும் கிட்டங்கி கொஞ்சம் முனகியது.

அதன்பின் பல வருஷம், மெஹர் பானு மீன் வாங்கக் கரைக்கு வருவதென்றால் கிட்டங்கியில்தான் வந்தாள். துவைத்த துணி அலையில் நனைகிறதென்று கரையில் குறை சொன்னார்கள். மூசா மெதுவாகத் துடுப்புப் போடப் பழகிக்கொண்டான். தம்பி மூழ்கிய இடம் வந்ததும் அவள் சன்னலைத் திறப்பாள். மூசா துடுப்பை நிறுத்துவான். கிட்டங்கியும் நிற்கும்.